கிணற்றுப் பங்கு

சார், நீங்கள் ஜன்னல் ஓரத்திலேயே இருங்கள். எனக்கு இந்த ஓரம்தான் தோது. நடுவில் நடுவில் எழுந்து நிற்பேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலம் பூராவும் பஸ்ஸில் நின்றுகொண்டே போன உடம்பு இது. உட்கார வைத்தால் கோபித்துக்கொள்ளும். ஆமாம், கண்டக்டராக இருந்தேன். இதே ராஜபாளையம் தென்காசி ரோடுதான். நீங்கள் எதுவரை? புளியங்குடியா? நல்லதாகப் போயிற்று. அதற்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற நெல்லிமேட்டு விலக்கு வரும். அங்கே நான் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் எனக்கு நீங்கள் ஒரு நியாயம் சொல்ல வேண்டும்.

சொத்து விஷயம். எங்கள் அப்பா சிவனணைந்த பெருமாள் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு எலுமிச்சைத் தோட்டம் விட்டுப்போனார். பிள்ளைகள் இரண்டே பேர். நான் மூத்தவன், பூலையா. இளையவன் சீவலமுத்து. நான் வேலைக்கென்று ராஜபாளையம் வந்து அங்கேயே வீடு வாசல் என்று ஆகிவிட்டேன். அவன் ஊரிலேயே அப்பாகூடக் கிடந்தான். இப்போது தோட்டம் பூராவும் அவன் கையில். என் பாதியையும் அவன்தான் பார்க்கிறான். பார்க்கிறான் என்றா சொன்னேன்? அவன் பார்க்கிற லட்சணத்தைக் கேளுங்கள்.

கன்று ஈன்ற பசுவை, சீம்பால் வாசம் போவதற்குள் கன்றோடு சேர்த்து விற்றான். மகளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தது. தை பிறந்ததுதான் தாமசம், மேளத்தைக் கொட்டி அனுப்பிவிட்டான். அப்பா செத்த வருஷம் திரும்பவில்லை சார், அதற்குள் மேளம். பொண்டாட்டிக்கு மோட்டார் போடக் கற்றுக் கொடுக்கிறான். எந்த சம்சாரியாவது செய்வானா? இருபத்தைந்து வருஷமாக அந்த மோட்டார் ரூமுக்குள் அவளை எட்டிப் பார்க்க விட்டதில்லை. இப்போது ஸ்டார்ட்டரைப் பிடித்து, "இப்படி அமுக்கு, சத்தம் மாறினா இப்படி நிறுத்து" என்று பாடம் நடத்துகிறான்.

நான் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? பயல் எங்கேயோ இன்னொரு குடும்பம் வைத்துவிட்டான், ஓடப்போகிறான் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். பசுவை விற்றுக் காசாக்குகிறான், மகளைத் தள்ளிவிடுகிறான், பொண்டாட்டியைத் தோட்டத்துக்குப் பழக்குகிறான். வேறு என்ன அர்த்தம்? புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் போய் விசாரித்தேன். "உங்க தம்பியா? வண்டியை விட்டு எறங்கக்கூட மாட்டாரே, காயைப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடுவாரே" என்கிறார்கள். அங்கேயும் வேஷம்.

இது சேத்தூர்தானே? டிரைவர் உருட்டுகிறார், ஓட்டவில்லை. எங்கள் காலத்தில்... சரி, அதை விடுங்கள்.

முதலிலிருந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. எங்கள் பக்கம் பங்கு பிரிக்கிறதற்கு ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் பிரித்து வைக்க வேண்டும். இளையவன் முதலில் எடுக்க வேண்டும். மிச்சம் மூத்தவனுக்கு. யார் கண்டுபிடித்ததோ தெரியாது, அவன் வீட்டில் கடைசிப் பிள்ளையாகத்தான் இருந்திருப்பான். மூத்தவன் கூடக் குறையப் பிரித்தால் நல்லது அவன் கையைவிட்டுப் போய்விடும் அல்லவா, அதனால் நியாயமாகப் பிரிப்பானாம். நியாயமாகப் பிரிக்க வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு அது சரி. எனக்குக் கிணறு வேண்டும் சார்.

தோட்டத்துக்கு நடுவில் ஒரு வண்டிப் பாதை. ஒரு பக்கம் கிணறு, மோட்டார் ரூம், பச்சை பிடித்துக் காய்க்கிற மரங்கள். அளவு கொஞ்சம் குறைச்சல். இன்னொரு பக்கம் ரோட்டை ஒட்டியது. அளவு கூடுதல், ஆனால் மரமெல்லாம் என்னைப் போல, நிற்கும், காய்க்காது. வேறு எப்படியும் இதைப் பிரிக்க முடியாது. பிரித்தால் அவன் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றுப் பக்கத்தை எடுப்பான். மூத்தவன் பங்கில் கிணறு இல்லை என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்தக் கிணற்றில்தான் நான் நீச்சல் படித்தேன். அவனுக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன், தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்தேன்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். ஒரு கதை விட்டேன்.

கதை என்று வந்துவிட்டால் சார், நெல்லிமேட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு புயல் வருஷத்தில் எங்கள் பஸ் சிவகிரியிலிருந்து வாசுதேவநல்லூர் வரைக்கும் தண்ணீரில் மிதந்தே வந்தது. டிரைவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பின் படிக்கட்டில் இரண்டு விரால் மீன் ஏறிற்று. அதுகளுக்கும் டிக்கெட் கிழித்தேன். இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் சிரிப்பார்கள். என் தம்பி மட்டும் சிரிக்க மாட்டான். வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "மீனுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டாண்ணே?" என்றான். அப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது சார்!

சின்ன வயதில் இன்னும் மோசம். எலுமிச்சை விதையை முழுங்கினால் காது வழியாகச் செடி வரும் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தான். காலையில் எழுந்து என்னிடம் காதைக் காட்டி, "எட்டிப் பாருண்ணே, பச்சையா ஏதும் தெரியுதா?" என்றான். அப்படிப்பட்ட பிறவி. நான் எது சொன்னாலும் நம்புவான்.

அந்தத் தைரியத்தில்தான் செய்தேன். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தி போய்க்கொண்டிருந்தது. இவனை மட்டும் தனியாகக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போனேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். அது எனக்கு நன்றாக வரும்.

"ஏலே சீவலம், அப்பா மூச்சு அடங்குறதுக்கு முன்ன எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. ஒங்கிட்ட சொல்லவா வேண்டாமான்னு பதினாறு நாளா எனக்குச் சோறு எறங்கல."

"என்னண்ணே?"

சொன்னேன். இந்தக் கிணறு வெட்டும்போது பாறைதான் வந்தது, தண்ணீர் வரவில்லை. அப்பா தோட்டத்து மூலையில் இருக்கிற இருளப்பசாமியிடம், 'தண்ணி குடு, கருப்புக் கிடா வெட்டுதேன்' என்று வேண்டிக்கொண்டார். மறுநாள் ஊற்று பீறிட்டது. சந்தோஷத்தில் அப்பா வேண்டுதலை மறந்துவிட்டார். சாமி மறக்கவில்லை. இத்தனை வருஷம் பொறுத்தது, வேண்டினவர் உயிரோடு இருக்கிறாரே என்று. இப்போது அவரும் போயாச்சு. இனிக் கிணறு யார் பேருக்குப் போகிறதோ, அவனைக் காவு வாங்கும். அடுத்த ஆடி அமாவாசைக்குள்.

எப்படி? நன்றாக இருக்கிறதா? இருங்கள், முடியவில்லை. பொய் சொன்னால் மட்டும் போதாது சார், ஓட்டையெல்லாம் அடைக்க வேண்டும். அங்கேதான் கைத்திறமை. அவன் கேட்டான்: "இப்ப நாம ஒரு கிடா வெட்டிட்டா?" நான் தயாராக வைத்திருந்தேன்: "வேண்டுனவர் கையாலதான்டா வெட்டணும். இனி ஆயிரம் கிடா வெட்டுனாலும் ஏத்துக்காது." "வித்துப்புட்டா?" "வாங்குனவன் என்னடா பாவம் செஞ்சான்? அப்பவும் வித்தவன் தலையிலதான் நிக்கும்." "கிணத்தத் தூத்துட்டா?" "தண்ணி குடுத்த சாமி வாயில மண்ணு போடுறதா? குடும்பமே போயிரும்." கடைசியாக ஒரு பெரிய அடைப்பு: "இதை யார்கிட்டயும் மூச்சு விடாத. கேட்டவங்க தலைக்கும் வந்துரும். ஆவுடைகிட்டகூடச் சொல்லாத." ஆவுடை அவன் பொண்டாட்டி. கெட்டிக்காரி, அவள் காதுக்குப் போனால் அரை நிமிஷத்தில் பிரித்து மேய்ந்துவிடுவாள்.

எல்லாம் கேட்டுவிட்டுக் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான். "அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் எடுத்துத்தான ஆகணும்?"

"ஆமாடா" என்றேன். எனக்கு உள்ளே குதூகலம். ரோட்டுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஓடப்போகிறான் என்று.

மறுநாள் தாய்மாமன் வெயிலுகந்த மாமா நடுவில் உட்கார்ந்திருக்க, நாலு பெரியவர்கள் இருக்க, நான் எழுந்து நின்று பிரித்து வைத்தேன். "வண்டிப் பாதைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு." மாமா காது கேட்காதவர், சத்தமாகக் கேட்டார்: "ஏய் சின்னவனே, ஒனக்கு எதுடா?"

"கிணத்துப் பக்கம், மாமா."

"ஏலே, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றேன். கண்ணால் ஜாடை காட்டினேன். இருமினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "அண்ணனுக்கு ரோட்டுப் பக்கம்தான் சவுரியம் மாமா. வயசாச்சு. பஸ்ஸ விட்டு எறங்குனா நேரா தோட்டத்துல கால் வைக்கலாம்" என்றான். மாமா, "ஆகா, பாத்தியா தம்பின்னா இப்படில்லா இருக்கணும்" என்று தொடையில் தட்டினார். நாலு பெரியவர்களும் தலையை ஆட்டினார்கள். முடிந்தது சார். என் கிணறு போயிற்று.

இப்போது சொல்லுங்கள். காவு வாங்குகிற கிணற்றை, நம்புகிறவன் எவனாவது எடுப்பானா? எடுக்க மாட்டான். அப்படியென்றால் அவன் நம்பவில்லை. இத்தனை வருஷம் என்னிடம் வாயைப் பிளந்து கேட்டதெல்லாம் நடிப்பு. பஞ்சு வைத்துக்கொண்டு படுத்ததும் நடிப்பு. என்னைவிடப் பெரிய ஆள் அவன். எனக்கு அந்த நினைப்பே தாங்கவில்லை. சொத்து போனதுகூடப் பெரிசில்லை, நம்முடைய கதையை ஒருத்தன் நம்பின மாதிரி நடித்துச் சம்பாதித்துவிட்டானே!

கொஞ்சம் இருங்கள், எழுந்து நின்றுகொள்கிறேன். முழங்கால் இல்லை, நெஞ்சுதான். ஒன்றுமில்லை, நின்றால் சரியாகிவிடும்.

அதற்கப்புறம் மாசம் ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பேன். கண்காணிக்க வேண்டாமா? போகும்போதெல்லாம் ஒரு புதுக் கூத்து. கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கு முள்வேலி போட்டிருந்தான். "என்னடா இது?" என்றால், "ஆடு விழுந்திரும்ணே" என்கிறான். அவனிடம் ஆடே கிடையாது. நான் வேலிப் பக்கம் போனால் ஓடி வந்து கையைப் பிடித்து இழுக்கிறான். "அங்க போவாதண்ணே, நீ போவாத." ஏன் போகக் கூடாது? நான் நீந்தின கிணறு. ஏதோ உள்ளே இருக்கிறது, தண்ணீர் மட்டம் ஏறிவிட்டது, இரண்டாவது ஊற்று கிடைத்திருக்கிறது, நான் கண்டால் பங்கு கேட்பேன் என்று மறைக்கிறான். அப்படித்தானே யாரும் நினைப்பார்கள்?

அப்புறம் என் பாதி. என் பாதிக்கு அவன் வாய்க்கால் வெட்டினான் சார். அவன் கிணற்றுத் தண்ணீரை முதலில் என் கிழட்டு மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டு, மிச்சத்தைத்தான் தன் பக்கம் திருப்புகிறான். பட்டுப்போன மரத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் புதுக் கன்று வைத்திருக்கிறான். வேலி போட்டிருக்கிறான். நான் கேட்டேனா? நான் கேட்கவே இல்லை. "எதுக்குடா இதெல்லாம்?" என்றால், "அடுத்த வருசம் பாக்க ஆளு இருக்கோ இல்லையோ" என்கிறான். இதற்கு என்ன அர்த்தம்? நான் செத்துப்போவேன் என்று கணக்குப் போட்டு, என் பாதியையும் அமுக்கப் பார்க்கிறான். என் எதிரிலேயே சொல்கிறான் பாருங்கள்!

மெலிந்துவிட்டான். சட்டை ஆணியில் மாட்டின மாதிரி தொங்குகிறது. கவலை இருக்கத்தானே செய்யும், அண்ணன் சொத்தை அடித்தவனுக்கு.

போன மாசம் போனபோது வலுக்கட்டாயமாகச் சாப்பிட உட்கார வைத்தான். ஆவுடை பரிமாறினாள். அவன் சாப்பிடாமல் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடா அப்படிப் பாக்க?" என்றேன்.

"அந்த மீனுக் கதையச் சொல்லுண்ணே" என்றான்.

"ஆயிரம் தடவ கேட்டாச்சேடா."

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தக் கதைக்குச் சிரித்தான். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆவுடை அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்தாள்.

"அத்தான், நீங்க என்னத்த அவுக காதுல ஓதிட்டுப் போனீக?"

"நான் என்னத்த ஓதப்போறேன்?"

"பதினாறாம் நாளு கிணத்தடியில ரெண்டு பேரும் நின்னீகளே. அன்னையிலருந்து இவுக இவுகளா இல்ல. எனக்கு மோட்டார் போடச் சொல்லித் தாராக. மக வீட்டுக்குப் போயி, காரணம் இல்லாம அவ தலையத் தடவிட்டு வாராக. கேட்டா, 'அண்ணனை எதும் கேக்காத, அவருக்கு ஒண்ணும் தெரியாது'ங்காக. நீங்க மூத்தவுக. உங்க தம்பி உங்களுக்கு வேணுமா வேண்டாமா?"

பெண்பிள்ளைக்கு எவ்வளவு வாய் பாருங்கள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். ரோட்டில் நின்றபோது பார்த்தேன், பயல் என் பாதியில் நின்று புதுக் கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான்.

சிவகிரி தாண்டிவிட்டதா? தாண்டிவிட்டது. இன்னும் அரை மணிகூட இல்லை. அடடா.

நேற்றுச் சாயங்காலம் அவனே போன் பண்ணினான். "அண்ணே, நாளைக்கழிச்சு அமாவாசை. அதுக்கு முன்ன ஒருக்கா வந்துட்டுப் போ."

"எதுக்குடா? எதுலயும் கையெழுத்துக் கேப்பியா?"

"கையெழுத்தெல்லாம் இல்லண்ணே. கிணத்துப் பக்கமும் எனக்குப் பெறகு ஒனக்கும் ஆவுடைக்குமா வார மாதிரி எழுதி முடிச்சாச்சு. அமாவாச தாண்டிட்டா அந்தத் தண்ணிக்கு எந்தத் தோசமும் கிடையாது, நீ தைரியமா எறங்கிக் குளிக்கலாம். சும்மா ஒன்னைப் பாக்கணும் போல இருக்கு. வா."

அப்போது எனக்கு என்னவோ ஆகிவிட்டது சார். என்ன என்று தெரியவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "ஏலே முட்டாள், அதெல்லாம் சும்மாடா! நான் விட்ட கதைடா! சாமியும் இல்ல, கிடாவும் இல்ல. கிணறு எனக்கு வேணும்னு நான் கட்டுன கதைடா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் மெதுவாகச் சொன்னான்: "எனக்காவ இப்படிப் பொய் சொல்லாதண்ணே. அப்பா விசயத்துல நீ கதை விட மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

வைத்துவிட்டான்.

கேட்டீர்களா? வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் உண்மை சொல்கிறேன், அன்றைக்குப் பார்த்து என்னைப் பொய்யன் என்கிறான்! இதற்குத்தான் நியாயம் கேட்கிறேன் உங்களிடம். என்ன அழுத்தம் இருக்க வேண்டும் அவனுக்கு!

என்ன சொன்னீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

அவன் நம்பியே எடுத்தானா? நான் எடுத்துவிடக் கூடாது என்று அவன் எடுத்தானா?

போங்கள் சார். உங்களுக்கு அவனைத் தெரியாது. அவன் என்ன அப்படிப்பட்ட பெரிய மனுஷனா? மூக்கு ஒழுகிக்கொண்டு என் பின்னால் திரிந்தவன்.

...

இல்லை, இல்லை. உட்கார முடியவில்லை, நிற்கிறேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை.

வாசுதேவநல்லூர் வந்துவிட்டது. ஆள் ஏறுகிறார்கள். பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சார், நான் ஒன்று கேட்கிறேன். ஒரு பேச்சுக்குத்தான். ஒரு பேச்சுக்கு நீங்கள் சொன்ன மாதிரியே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நாளைக்கு அவன் என்ன ஆவான்? பாம்பு கடிக்க வேண்டாம், தடுக்கி விழ வேண்டாம். ஒரு வருஷமாகச் சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற நெஞ்சு, நாள் வந்ததும் தானாக நின்றாலும் நின்றுவிடும் அல்லவா? எங்கள் டிப்போவில் ஒருத்தர் அப்படிப் போனார். இது கதை இல்லை, நிஜம். பார்த்தீர்களா, நிஜம் என்று நான் சொன்னால் நீங்களும் சந்தேகமாகப் பார்க்கிறீர்கள்.

உண்மை எடுபடாது. சொல்லிப் பார்த்தாகிவிட்டது. இன்னொரு கதைதான் விட வேண்டும். முந்தின கதையைவிடப் பெரிய கதை. விடிகாலையிலிருந்து யோசிக்கிறேன், ஒன்றும் வரவில்லை. அப்பா கனவில் வந்து சாமி மன்னித்துவிட்டது என்றார் என்றால்? 'எனக்காவப் பொய் சொல்லுத' என்பான். கிடா வெட்டலாம் என்றால், வேண்டினவர் கையால்தான் வெட்ட வேண்டும். விற்க முடியாது. தூர்க்க முடியாது. எல்லா வழியையும் நானே அடைத்து வைத்திருக்கிறேன். ஒரு ஓட்டை விட்டிருக்கக் கூடாதா? கைத்திறமை, கைத்திறமை என்று... சீ.

உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். ஒரு சின்னப் பொய்கூடவா வராது?

இருங்கள்.

இருங்கள், இருங்கள். வேண்டினவர் கையால் வெட்ட வேண்டும். சரி. அவர் வெட்டவில்லை என்று யார் சொன்னது? அவரே சொன்னார், சாகும்போது. சாகும்போது அவருக்கு நினைவு எங்கே இருந்தது? என்னையே 'யாரு?' என்று கேட்டார். அது நிஜம்தான், சீவலத்துக்கும் தெரியும். வெட்டிவிட்டு, வெட்டினதை மறந்துவிட்டார்! தண்ணீர் வந்த அன்றைக்கே வெட்டிவிட்டார், தன் கையாலேயே. நாங்கள் அன்றைக்கு ஊரில் இல்லை, அம்மா பிறந்த வீட்டில் இருந்தோம். பார்த்தது கிணறு வெட்டின ஆட்கள் மட்டும்தான். ஆமாம். ஆமாம்! சாமிக் கடன் அன்றைக்கே தீர்ந்துபோயிற்று. அதனால்தானே இத்தனை வருஷம் அந்தக் கிணறு வற்றவே இல்லை! அடடா, எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

ஆனால் நான் சொன்னால் நம்ப மாட்டான். வேற்று ஆள் சொல்ல வேண்டும். எங்களோடு சம்பந்தமே இல்லாத ஆள்.

சார், உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்? தாலுகா ஆபீஸா? இல்லை. கிணறு வெட்டுகிறவர். இப்போதிலிருந்து. கோபித்துக்கொள்ளாதீர்கள், கௌரவமான தொழில். உங்களுக்குத் தலையும் நரைத்திருக்கிறது, வயது ஒத்துவருகிறது. அப்பாகூட வேலைக்கு வந்த சின்னப் பிள்ளை நீங்கள். கருப்புக் கிடா. எங்கள் அப்பா ஒரே வெட்டு. இருளப்பசாமி பீடத்தில் ரத்தம். அங்கேயே கல் கூட்டி ஆக்கினார்கள். உங்களுக்கு ஈரல் ஒரு துண்டு கொடுத்தார் எங்கள் அப்பா, இலையில் வைத்து. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது உங்களுக்கு. சைவமா? அட, இன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் சார். ஈரலை வேண்டுமானால் நான் சொல்கிறேன், நீங்கள் ஆமாம் மட்டும் போடுங்கள்.

நீங்கள் இறங்க வேண்டாம். ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டினால் போதும். இந்தப் பஸ் விலக்கில் நிற்காது; நான் நிறுத்துகிறேன். கண்டக்டர் தம்பி! நெல்லிமேட்டு விலக்கு! ஸ்டாப் இல்லை என்று எனக்குத் தெரியும்ப்பா, நீ பிறக்கிறதுக்கு முன்னால இந்த ரூட்டில் விசில் ஊதினவன் நான். டிக்கெட்டைப் புளியங்குடிக்கே வைத்துக்கொள். ஊது!

கிணற்றை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள் சார். அமாவாசை தாண்டட்டும், பயலுக்கு உடம்பு தேறட்டும், நாலு வாய் சோறு உள்ளே போகட்டும். அப்புறம் வெயிலுகந்த மாமாவைக் கூப்பிட்டு, 'பிரித்தது செல்லாது, மறுபடியும் பிரிக்க வேண்டும்' என்று உட்காருவேன். அது வேறு. அது அண்ணன் தம்பி வழக்கு. இன்னும் பத்து வருஷத்துக்கு இழுத்து அடித்துக்கொள்வோம்.

அதோ நிற்கிறான். வெள்ளை வேட்டி. கையை நெற்றியில் வைத்து ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்க்கிறான் பாருங்கள். எத்தனை பஸ்ஸைப் பார்த்தானோ. என்ன சார் இப்படி ஆகிவிட்டான்? போன மாசம்கூட இவ்வளவு இல்லையே. கழுத்து எலும்பு தெரிகிறது இங்கிருந்தே.

இறங்குகிறேன். நீங்கள் கண்ணாடியைத் திறங்கள். நன்றாகத் திறங்கள். டிரைவர் அண்ணாச்சி, ஒரே நிமிஷம், கோடி புண்ணியம் உமக்கு, நகர்த்தாதேயும்!

"ஏலே சீவலம்! ஓடியா, ஓடியா! பஸ் கிளம்புறதுக்குள்ள ஓடியாடா! யாரு வந்திருக்கா தெரியுமா? நம்ம கிணறு வெட்டுன மேஸ்திரி மகன்டா! ராஜபாளையத்துல தற்செயலாப் பாத்தேன், ஊர்ப் பேரச் சொன்னதும் அவரே கேக்காரு, 'அன்னைக்குப் பெரியவர் கிடா வெட்டுன கிணறா'ன்னு! அப்பா வெட்டிட்டாருடா! தன் கையாலேயே வெட்டிட்டாரு! மறந்து போயில்லா சொல்லியிருக்காரு! என்னை நம்பாத. நான் பொய்யன். அவரைக் கேளு. இந்தா, மூஞ்சியப் பாத்துக் கேளு!"

சார், அவன் உங்களைத்தான் பார்க்கிறான். ஆட்டுங்கள். தலையை ஆட்டுங்கள் சார்.